பதினான்காவது கட்டம்

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மெக்கானிக் கையைத் தூக்கினார். அந்த வாரத்தில் அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

வங்கியின் மாடியில் விழிப்புணர்வுக் கூட்டம். முப்பது நாற்காலிகள், பதினோரு வாடிக்கையாளர்கள். மீதி நாற்காலிகளில் ஊழியர்கள் உட்கார்ந்து வாடிக்கையாளர்களைப் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் வந்தது பாஸ்புக்கில் வரவு பதிய. மூன்றாம் கவுண்டர் அம்மா, "கூட்டம் முடிஞ்சாதான் மிஷினை ஆன் பண்ணுவோம். மேல போய் உக்காருங்க" என்று அனுப்பிவைத்திருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி பேசினார்.

"பேங்க் வேலை பாக்கற கம்ப்யூட்டர்ல ஃபைல் ஷேரிங் வெச்சிருக்கறது, வாசக்கதவைத் திறந்து போட்டுட்டு பீரோவை மட்டும் பூட்டற மாதிரி. நீங்க ஒரு பாட்டு இறக்கறீங்க. அதே வழியா உங்க ஸ்டேட்மென்ட் வெளிய போகுது. போறது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. எங்களுக்குத் தெரியுமா? எங்களுக்கும் தெரியாது. அதனாலதான் நாங்க இவ்வளவு எச்சரிக்கையா இருக்கோம்."

ஊழியர்கள் கைதட்டினார்கள்.

"உங்கள்ல யாராவது அப்படி வெச்சிருக்கீங்களா? பயப்படாம சொல்லுங்க. நேர்மைக்கு இந்த வங்கியில எப்பவும் இடம் உண்டு."

மற்ற பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். மெக்கானிக் கையைத் தூக்கினார்.

அவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். ஃப்ரிட்ஜ் கம்பெனிகள் தங்கள் வயரிங் படங்களை வெளியாருக்குத் தருவதில்லை. அதனால் மெக்கானிக்குகள் தங்களிடம் உள்ள படங்களை ஸ்கேன் செய்து, ஷேரிங் மென்பொருள் வழியாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அவரிடம் அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. முகம் தெரியாத ஊர்களில், முகம் தெரியாத ஆட்கள், அவர் படத்தைப் பார்த்து ஃப்ரிட்ஜை ஓடவைத்தார்கள். அவர்கள் படத்தைப் பார்த்து இவர் ஓடவைத்தார். அதே கம்ப்யூட்டரில் மாதம் ஒருமுறை கடை வாடகையும் கரண்ட் பில்லும் கட்டினார்.

இதை நின்றுகொண்டே சொன்னார். அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து கை குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். வங்கியின் சின்னம் பதித்த பென் டிரைவ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

"இதுல என்ன சார் இருக்கு?"

"விழிப்புணர்வுப் படம். கம்ப்யூட்டர்ல சொருகினா தானா ஓடும்."

"தெரியாத பென் டிரைவைச் சொருகாதீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"இது தெரிஞ்ச பென் டிரைவ்" என்றார் அதிகாரி.

மாலை நாலு மணிக்கு மெக்கானிக்கின் செல்போனுக்குச் செய்தி வந்தது. 'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் பாதுகாப்பைக் கருதி தங்கள் கணக்கு தங்களிடமிருந்து பாதுகாக்கப்பட்டுள்ளது.'

வீட்டில் அவர் மனைவி வலது விலாவில் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்திருந்தாள். பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் சனிக்கிழமை வெளிநாடு போகிறார், மூன்று வாரம் கழித்துத்தான் வருவார். மூன்று வாரம் தாங்காது என்று அவரே சொல்லியிருந்தார். பணம் இருந்தது. கணக்கில் இருந்தது.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"கணக்கை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"உண்மையைச் சொன்னதுக்கு."

அவள் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்தாள். "கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம். என்கிட்ட ஒரு தடவையாவது இப்படிக் கையைத் தூக்கியிருக்கீங்களா?"

"நீ கேட்டதில்லையே."

"இனிமே கேக்கறேன். முதல்ல எழுந்து உக்காரணும்." கொஞ்ச நேரம் கழித்து, "என் தம்பிகிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள்.

"வீடு கட்டிக்கிட்டிருக்கறவன்கிட்டயா? அவன் நம்மகிட்ட கேக்காம இருந்தா போதும்."

அன்று மாலையே மெக்கானிக் அந்த மென்பொருளைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கினார். பென் டிரைவைச் சொருகவில்லை. அலமாரியில் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை கிளை மேலாளரைப் பார்த்தார்.

"எடுத்துட்டேன் சார்."

"நீங்க சொல்றீங்க. ஆதாரம்?"

"இல்லாததுக்கு என்ன சார் ஆதாரம்?"

"அது இல்லாத இடத்தை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க."

மெக்கானிக் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே தெரியலையே."

"அதான் சார்."

"ஒண்ணும் தெரியாத போட்டோவை நான் எப்படி ஏத்துக்கறது? மேலிடத்துல என்னைக் கேப்பாங்களே." மேலாளர் வருத்தமாகத்தான் சொன்னார். "நாளைக்கு கம்ப்யூட்டரையே எடுத்துட்டு தலைமை அலுவலகம் போயிடுங்க. அதுக்கு முன்னாடி படிவம் ஒண்ணு நிரப்பணும்."

படிவத்தின் பெயர் 'நம்பகத்தன்மை உறுதிமொழி'. இருபத்திரண்டு கட்டங்கள். பெயர், தொழில், கடையின் பெயர், கணக்கு எண் என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பதினான்காவது கட்டத்தில் மெக்கானிக் நின்றார். 'தங்கள் கடவுச்சொல். பெரிய எழுத்துகளில், தெளிவாக.' பதினைந்தாவது கட்டம்: 'மேற்படி கடவுச்சொல்லை நான் யாரிடமும் தெரிவித்ததில்லை என உறுதி கூறுகிறேன்.'

அவர் மூன்றாம் கவுண்டருக்குப் போனார். "அம்மா, இதை எழுதிட்டா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

"நாங்க எதையும் பாக்க மாட்டோம் சார். டைப் மட்டும்தான் அடிப்போம்."

"காலியா விட்டா?"

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது. தப்பா எழுதினாலும் ஏத்துக்காது. போட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்துக்கும்."

மெக்கானிக் பெரிய எழுத்துகளில் எழுதினார். தெளிவாகவும் எழுதினார். மூன்று நகல் எடுக்கச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை கம்ப்யூட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டினார். கேஸ் சிலிண்டர் கட்டும் பட்டைதான். மேலே போர்த்த பழைய துணியைத் தேடியபோது மனைவி எழுந்து வந்தாள். ஒரு கை விலாவிலேயே இருந்தது.

"நல்ல போர்வையா எடுத்துட்டுப் போங்க. பெரிய ஆபீஸ். நம்ம வீட்டு லட்சணம் தெரிய வேண்டாம்."

பூப்போட்ட போர்வை. கல்யாணப் பரிசாக வந்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தது.

பாதுகாப்புப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. இரும்புக் கதவு. பக்கத்தில் எண்கள் அழுத்தும் பலகை. பலகைக்கு மேலே ஒரு சீட்டில் ஆறு எண்கள் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு சீட்டு: 'மேற்கண்ட எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.' காவலாளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க உள்ள போறது?"

"நம்பர் அழுத்தணும்."

"என்ன நம்பர்?"

"நான் சொல்லக் கூடாது" என்ற காவலாளி மோவாயால் சீட்டைக் காட்டினார்.

அதிகாரியின் அறை குளிர்ச்சியாக இருந்தது. மேசையில் ஒரு பீங்கான் கப். அதில் ஒரு சின்னப் பெண்ணின் படமும், கீழே அவள் பெயரும் அச்சடித்திருந்தது. மூலையில் ஒரு சிறிய ஃப்ரிட்ஜ். அதன் முன்னால் தண்ணீர் தேங்கி, மேலே செய்தித்தாள் விரித்திருந்தது. மெக்கானிக்கின் கண் அங்கேயே போனது.

அதிகாரி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க, வாங்க. நம்ம விழிப்புணர்வு வாடிக்கையாளர்." கம்ப்யூட்டரை ஓர் ஓரமாக வைக்கச் சொன்னார். மெக்கானிக் போர்வையோடு வைத்தார்.

"சார், வெள்ளிக்கிழமை என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பணம் கட்டணும்."

"கவலையே படாதீங்க. ஆய்வுக் குழு அடுத்த செவ்வாய்க்கிழமை கூடுது."

"அதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வருதே சார்."

"ஆபரேஷனைத் தள்ளிப் போட முடியாதா? குழுவைத் தள்ள முடியாது. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளியாச்சு." அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஒரு வங்கிக்கு ரொம்பப் பெரிய ஆபத்து யாரு? திருடனா? இல்ல. திருடன் எப்பவாவதுதான் வர்றான். வாடிக்கையாளர் தினமும் வர்றாரு. பணம் எடுக்கறாரு, போடறாரு, மறுபடி எடுக்கறாரு. கை படாத பணம்தான் பத்திரமான பணம். இப்ப உங்க பணத்தைப் பாருங்க. இந்த நிமிஷம் அதைவிடப் பத்திரமான பணம் இந்தக் கட்டடத்துல கிடையாது. நீங்களே நினைச்சாலும் தொட முடியாது."

"அதான் சார் கஷ்டம்."

"போன வருஷம் எங்களுக்கு ஆறாயிரம் மோசடிப் புகார் வந்துச்சு. புகார்ப் படிவம் அப்ப நாலு பக்கம். பத்தொம்பது பக்கமா ஆக்கினேன். இந்த வருஷம் எத்தனை புகார் தெரியுமா? இருநூத்தி ஆறு. மோசடி எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க. இதுக்கு எனக்கு விருது குடுத்தாங்க."

விருது அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

அதிகாரி படிவத்தை வாங்கிப் பதினான்காவது கட்டம்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "நல்ல கையெழுத்து. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒண்ணாம் நம்பர் படிவம் என்னோடது. முன்மாதிரியா இருக்கணும்னு நானே முதல்ல நிரப்பினேன். உங்களோடது நாப்பதாம் நம்பர். ஒரு நகல் கிளைக்கு, ஒரு நகல் குழுவுக்கு. மூணாவது என் கம்ப்யூட்டரைத் தாண்டி எங்கயும் போகாது."

அவர் படிவத்தை ஸ்கேன் செய்தார். திரை மெக்கானிக்கின் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. திரையின் கீழ் ஓரத்தில் ஒரு சின்ன நீல அம்பு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் தினமும் பார்த்த அம்பு. திங்கட்கிழமைதான் தன் திரையிலிருந்து அதை நீக்கியிருந்தார்.

"சார், அந்த நீல அம்பு..."

"அதுவா? அதைத்தான் கூட்டத்துல சொன்னேன். ரொம்ப ஆபத்தானது."

"உங்ககிட்ட ஓடிட்டிருக்கே சார்."

"ஆய்வுக்காக. எதிரியோட ஆயுதம் என்னன்னு நமக்குத் தெரிய வேண்டாமா? ஆய்வுக்காக நாலு சினிமா இறக்கினேன். மூணு பாத்து முடிச்சாச்சு."

"அதைப் போடும்போது எந்த ஃபோல்டரை வெளிய காட்டணும்னு கேக்கும் சார். வயரிங் படத்துக்கு மட்டும் நான் தனி ஃபோல்டர் வெச்சிருந்தேன். பாக்காம சரி, சரின்னு அழுத்திட்டே போனா எல்லாத்தையும்..."

"எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம்" என்றார் அதிகாரி. "நான் எப்பவும் சரின்னுதான் அழுத்துவேன்."

மெக்கானிக் மூலைக்குப் போனார். தெரிந்த வேலையைச் செய்தார். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்து, பின்பக்கம் குனிந்து, பையிலிருந்த கம்பியால் வடிகுழாயைக் குத்தினார். அடைப்பு விட்டது. செய்தித்தாளை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

"பேப்பர் போட்டா நிக்காது சார். தண்ணி தேங்கற இடத்துல ஓட்டை இருக்காது. எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்."

"அருமை" என்றார் அதிகாரி. "இதைக் குறிச்சுக்கறேன். அடுத்த கூட்டத்துல சொல்லலாம்."

கம்ப்யூட்டரை ஆய்வுக்கு ஒப்படைத்ததற்கு ரசீது கொடுத்தார்கள். போர்வைக்குத் தனி ரசீது.

வியாழக்கிழமை மதியம் மெக்கானிக்கின் செல்போன் அடித்தது. 'கம்ப்ரசர்' என்று பதிந்திருந்த எண். வேறு ஊரில் கடை வைத்திருப்பவர். எட்டு வருடமாகப் படம் கொடுத்து வாங்குகிறார்கள், நேரில் பார்த்ததில்லை.

"அண்ணே, என்ன ஆச்சு? மூணு நாளா லிஸ்ட்ல உங்களைக் காணோம். செத்துகித்துப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"இல்லப்பா. பேங்க்ல எடுக்கச் சொன்னாங்க."

"அதான் உங்க கடைப் பேரைப் போட்டுத் தேடினேன். வேற என்னமோ வந்து விழுது. படிவம் மாதிரி இருக்கு. உங்க பேரு, கணக்கு நம்பர், கையெழுத்து. பாஸ்வேர்டு வேற கொட்டை எழுத்துல. ஏன்ணே, இப்படியா எழுதி வெப்பாங்க?"

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்களோடது மட்டும் இல்ல. நாப்பது பேரோடது இருக்கு. பக்கத்துலயே நாலு சினிமாவும் இருக்கு."

"எத்தனை பேர் இறக்கியிருக்காங்க?"

"சினிமாவையா, படிவத்தையா?"

"படிவத்தை."

"என்னையும் சேத்து பதினேழு பேர். நான் உங்களைத் தேடித்தான்ணே இறக்கினேன். அழிச்சிடறேன். ஒண்ணாம் நம்பர் யாரோ பெரிய ஆபீசர் போல. பதவின்னு போட்டு ரெண்டு வரி எழுதியிருக்காரு. படிக்கட்டுமா?"

"படி" என்றார் மெக்கானிக்.

கம்ப்ரசர் இருபத்திரண்டு கட்டங்களையும் படித்தார்.

போனை வைத்ததும் மெக்கானிக் யோசித்தார். முன்னால் படிவம் கொடுத்தவர்களின் கணக்குகளையெல்லாம் போன மாதமே திறந்துவிட்டதாக மூன்றாம் கவுண்டர் அம்மா சொல்லியிருந்தார். அவர்கள் பணம் இப்போது பதினாறு முகம் தெரியாத ஆட்களின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இவர் பணம் பூட்டியிருந்ததால் தப்பித்தது. அதிகாரி ஒரு விஷயத்தில் சொன்னது சரி.

மனைவி பையோடு தயாராக இருந்தாள். ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "கவுண்டர்கிட்டயே உக்காந்திரு. பணம் போட்டதும் போன் பண்றேன்."

"போடாம போன் பண்ணாதீங்க" என்றாள்.

நாலு மணிக்கு அவர் நான்காவது மாடியில் இருந்தார். சீட்டில் இருந்த எண்ணை அழுத்தி உள்ளே போனார். அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னார். நாற்பது படிவங்கள் வெளியே போனதையும், கம்ப்ரசர் சொன்ன நாலு சினிமாக்களின் பெயரையும் சொன்னார். சினிமாக்களின் பெயரைக் கேட்டதும் அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். தன் கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

பிறகு இரண்டு பேருக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் டைப் ஆகி வந்தது. அந்த நாலு நாளில் வங்கியில் பத்து நிமிடத்தில் நடந்த ஒரே வேலை அது.

'திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்குப் பொதுக்கூட்டத்தில், சாட்சிகள் முன்னிலையில், கோப்புப் பகிர்வு மென்பொருள் வைத்திருப்பதைத் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்ட நான், மேற்படி நாற்பது படிவங்களும் என் கணினி வழியாகவே வெளியேறின என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' சாட்சியாக, கை குலுக்கும்போது எடுத்த போட்டோவை இணைத்திருந்தார்கள்.

"என் கம்ப்யூட்டர் நேத்துலேர்ந்து இங்கதானே சார் இருக்கு" என்றார் மெக்கானிக். மூலையைக் காட்டினார். கம்ப்யூட்டர் பூப்போட்ட போர்வைக்குள் அப்படியே இருந்தது. யாரும் பிரித்திருக்கவில்லை.

"அது தொழில்நுட்ப விஷயம். உங்களுக்குப் புரியாது."

"மத்தவங்களுக்குச் சொல்லணுமே சார். பாஸ்வேர்டை மாத்திக்கச் சொல்லணும்."

"சொன்னா பயப்படுவாங்க. பயந்தா பணத்தை எடுத்துடுவாங்க. பணத்தை எடுத்துட்டா நாங்க எதைப் பாதுகாக்கறது?" அதிகாரியின் குரல் கனிந்தது. "இது உங்க நல்லதுக்குத்தான். நீங்க கையெழுத்து போடறீங்க. ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டார்னு ஆயிடும். குழு கூட வேண்டியதில்ல. அடுத்த நிமிஷம் உங்க கணக்கை நானே திறந்து விடறேன். பணம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடும். சம்சாரம் நல்லபடியா வீட்டுக்கு வருவாங்க."

மெக்கானிக்கின் செல்போன் அடித்தது.

"ஷட்டரைப் பாதி இறக்கிட்டாங்க" என்றாள் மனைவி. "கேஷியர் பொண்ணு நல்ல பொண்ணு. இன்னும் கால் மணி நேரம் உக்காந்திருக்கேன்னு சொல்லுது."

"உனக்கு எப்படி இருக்கு?"

"உக்காந்திருக்கற வரைக்கும் பரவாயில்ல. எழுந்தாதான் தெரியும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று. கடிகாரத்துக்குக் கீழே விருது. அதிகாரி தன் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

மெக்கானிக் கடிதத்தை ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரை காய்ந்திருந்தது. மேசைமேல் கப்பில் அந்தச் சின்னப் பெண் முன்பல் இல்லாமல் சிரித்தாள். அவர் பேனாவைக் கடிதத்தின் மேல் படுக்க வைத்தார். கப்பை மெதுவாகத் திருப்பி, பெயர் அதிகாரியின் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தார்.

"சார், ஒண்ணாம் நம்பர் படிவத்துல, பதினாலாவது கட்டத்துல இந்தப் பேருதான் இருக்கு. கூடவே நாலு நம்பர் வருது. அது பாப்பா பொறந்த வருஷமா சார்?"